டெய்சி ராசம்மா எப்படி ருக்மணி தேவி ஆனார்?

சிங்கள மொழியில் வந்த முதல் பேசும் படத்தின் கதாநாயகி ஒரு தமிழ்ப் பெண். 'கடவுணு பொறொந்துவ' என்ற அந்தப் படம் 1947 ஜனவரி 21ஆம் திகதி திரைக்கு வந்தது. உடைந்துபோன வாக்குறுதி என்பது தலைப்பின் பொருள். கதாநாயகியின் மேடைப் பெயர் ருக்மணி தேவி. வீட்டார் வைத்த பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ்.

தென்னிலங்கையில் வயதானவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் போதும், பாட்டு தானாக வரும். இலங்கையின் இசைக்குயில் என்றுதான் அவரைச் சொல்வார்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிலைமை வேறு. ருக்மணி தேவி என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது சென்னையில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். அவர் வேறு, இவர் வேறு.

ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் இலங்கை சினிமா எங்களுக்கு இரண்டு அத்தியாயங்களாக வந்தது. ஒன்று சிங்கள சினிமா, மற்றது ஈழத்துத் தமிழ் சினிமா. முதல் அத்தியாயத்தில் ருக்மணி தேவியின் பெயர் இருந்தது. அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது இல்லை. இரண்டாவது அத்தியாயத்தில் பெயரே இல்லை. இரண்டுக்கும் நடுவே விழுந்துபோன ஒரு வாழ்க்கையைப் பற்றியது இந்தக் கட்டுரை.

ரம்பொடையிலிருந்து மேடைக்கு

1923 ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்தின் ரம்பொடையில் டெய்சி ராசம்மா பிறந்தார். தகப்பன் ஜோன் டானியல்ஸ், தாய் ஹெலன் ரோஸ். கொழும்புச் செட்டிகள் எனப்படும் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்காக வந்து, ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் கிறிஸ்தவத்தைத் தழுவி, கொழும்பில் வேரூன்றிய சமூகம் அது. தமிழும் ஆங்கிலமும் சிங்களமும் கலந்து புழங்கிய வீடுகள். ஒரே குடும்பத்தில் ராசம்மாவும் இருப்பார், டெய்சியும் இருப்பார். இவரிடம் இரண்டு பெயரும் இருந்தன.

குடும்பம் கொழும்புக்கு வந்தது. பள்ளிக்கூட நாடகங்களில் சிறுமியின் குரல் கவனிக்கப்பட்டது. வளரும் பருவத்திலேயே ராமாயண நாடகத்தில் சீதையாக மேடை ஏறினார்.

அன்றைய சிங்கள மேடையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1911இல் மருதானையில் டவர் மண்டபம் திறக்கப்பட்டதிலிருந்து 'நூர்த்தி' நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. பார்சி நாடகக் குழுக்கள் வழியாக இந்தியாவிலிருந்து வந்த வடிவம் அது. மெட்டுகள் பெரும்பாலும் ஹிந்துஸ்தானி. பெண் வேடத்தை ஆண்கள் போட்ட காலம் மெல்ல மாறி, லக்ஷ்மி பாய், ஆனி பொத்தேஜு போன்ற நடிகைகள் புகழ் பெற்றிருந்தார்கள். ஆனாலும் மானம் மரியாதை பார்க்கும் குடும்பங்கள் தங்கள் பிள்ளையைக் கூத்துமேடைக்கு அனுப்பத் தயங்கின. அந்தத் தயக்கத்தைத் தாண்டி வந்தவர் டெய்சி. ருக்மணி தேவி என்ற பெயர் மேடைக்காக வந்தது. அந்தப் பெயரில் சிங்களச் சாயலும் இல்லை, கிறிஸ்தவச் சாயலும் இல்லை. இந்தியப் பெயருக்குத்தான் அன்று மேடையில் மவுசு.

1930களின் இறுதியில் அவருடைய குரல் கிராமபோன் இசைத்தட்டில் ஏறியது. எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் சேர்ந்து பாடிய அந்தப் பாட்டு புத்தகயா விகாரையைப் போற்றும் பக்திப் பாடல். கிறிஸ்தவ வீட்டில் பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் குரலில் புத்தகயா புகழ் சிங்கள வீடுகளுக்குள் போயிற்று. அதில் யாரும் முரண்பாடு கண்டதாகத் தெரியவில்லை. பாட்டு நன்றாக இருந்ததா என்பதுதான் அன்றைக்குக் கேள்வி.

மதுரையில் எடுத்த சிங்களப் படம்

நீர்கொழும்பைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன நடத்திய மினர்வா நாடகக் குழுவில் ருக்மணி சேர்ந்தது அவருடைய வாழ்க்கையின் திருப்பம். குடும்பக் கதை, காதல், சூழ்ச்சி, இடையிடையே சிரிப்பு, நிறையப் பாட்டு, இதுதான் ஜயமான்ன நாடகத்தின் சேர்மானம். சிரிப்புப் பகுதியைக் கவனித்துக்கொண்டவர் அவருடைய தம்பி எடி ஜயமான்ன. ருக்மணியும் எடியும் திருமணம் செய்துகொண்டார்கள். அதன்பின் நீர்கொழும்பே அவருடைய ஊராயிற்று.

ஜயமான்னவின் மேடை நாடகமான 'கடவுணு பொறொந்துவ'வைப் படமாக்க முன்வந்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் எடுக்க இலங்கையில் அப்போது வசதி இல்லை. நாடகக் குழு கடல் கடந்து மதுரைக்குப் போய், சித்திரகலா மூவிடோன் ஸ்டூடியோவில் நடித்தது. இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. இசையமைத்தவர் நாராயண ஐயர். ஆக, முதல் சிங்களப் படத்தின் பணமும் தமிழ், படப்பிடிப்புத் தளமும் தமிழ், இசையும் தமிழ், கதாநாயகியும் தமிழ். கதையும் பேச்சும் பார்வையாளரும் சிங்களம். அதே ஆண்டு வெளிவந்த இரண்டாவது சிங்களப் படமான 'அசோகமாலா'வும் கோயம்புத்தூரில்தான் எடுக்கப்பட்டது.

ஒரு தேசிய சினிமாவின் பிறப்புச் சான்றிதழில் இப்படி எழுதியிருப்பதைப் பின்னாளில் சிலர் குறையாகப் பார்த்தார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. தொழில் தெரிந்தவர் இருக்கும் இடத்துக்குத் தொழில் போகும். மலையாளத்தினதும் தெலுங்கினதும் ஆரம்பகாலப் படங்கள் பலவும் சென்னையிலும் சேலத்திலும் எடுக்கப்பட்டவைதான்.

படம் பெரும் வெற்றி பெற்றது. மேடையில் பார்த்த முகத்தைத் திரையில் பல மடங்கு பெரிதாகப் பார்க்கவும், சொந்த மொழியில் பாடக் கேட்கவும் கிராமங்களிலிருந்து சனம் நகரத்துக்கு வந்தது. 1948இல் 'கபடி ஆரக்ஷகயா', 1953இல் 'கெலே ஹந்த' என்று ஜயமான்னவின் படங்கள் தொடர்ந்தன. ருக்மணியும் எடியும் அந்தப் படங்களின் அடையாளமாகவே ஆனார்கள். பின்னணிப் பாடகி ஒருவர் பாட, நடிகை வாயசைக்கும் வழக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. நடித்தவரும் அவரே, பாடியவரும் அவரே. மற்ற நடிகைகளுக்கும் அவர் குரல் கொடுத்தார்.

அவரைச் சுற்றியிருந்த உலகத்தையும் பார்க்க வேண்டும். திரையரங்குகளை நடத்திய சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் சேர் சிற்றம்பலம் கார்டினர். அதற்குப் போட்டியாக வளர்ந்த சினிமாஸ் லிமிட்டெட்டின் அதிபர் கே. குணரத்தினம். நாயகம் பிறகு கந்தானையில் ஸ்ரீ முருகன் நவகலா என்ற பெயரில் ஸ்டூடியோ கட்டினார். மெட்டமைத்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆர். முத்துசாமி. ருக்மணியுடன் ஜோடிப் பாட்டுகள் பாடியவர் சேலத்தில் பிறந்த முஸ்லிம் பாடகர் மொஹிதீன் பேக். வெசாக் நாளில் இன்றும் ஒலிக்கும் பௌத்த பக்திப் பாடல்கள் பல பேக்கின் குரலில் உள்ளவை. ருக்மணி தனியொரு விதிவிலக்கு அல்ல. ஒரு பெரிய கூட்டத்தில் நடுவில் நின்றவர்.

1956க்குப் பிறகு

1956ஆம் ஆண்டை இலங்கைத் தமிழர் சிங்களம் மட்டும் சட்டத்தின் ஆண்டாக நினைவில் வைத்திருக்கிறோம். சிங்கள சினிமாவுக்கு அது 'ரேகாவ'வின் ஆண்டு. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து, கிராமத்து வெயிலில் கமராவை வைத்து எடுத்த படம். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் காற்று ஒரே திசையில் வீசியது. நமக்கென்று ஒரு கலை வேண்டும், இந்தியச் சாயல் போதும் என்ற பேச்சு எங்கும் இருந்தது.

பேச்சில் நியாயம் இருந்தது. ஜயமான்ன பாணிப் படங்கள் மேடை நாடகத்தை அப்படியே கமராவுக்கு முன் வைத்தவை. பாட்டுகளில் பல ஹிந்தி மெட்டுகளின் நகல். பீரிஸ் திறந்த வழி இல்லாவிட்டால் சிங்கள சினிமா உலகம் மதிக்கும் இடத்துக்கு வந்திருக்காது. ஆனால் அந்த மாற்றத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதைச் சினிமா வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. பழைய பாணி போனபோது, அந்தப் பாணியின் முகமாக இருந்தவருக்கும் வயது முப்பத்து மூன்று ஆகியிருந்தது. கதாநாயகிக்கு அது ஓய்வு வயது என்று தென்னாசிய சினிமா முடிவு செய்து வைத்திருந்தது. கதாநாயகனுக்கு அப்படி ஒரு வயது அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அவர் ஒரேயடியாக விலகவில்லை. துணைப் பாத்திரங்கள், தாய் வேடங்கள் என்று 1960களிலும் 70களிலும் திரையில் வந்துகொண்டிருந்தார். வானொலியில் பாடினார். இளைஞர்கள் கிற்றார் எடுத்து சிங்களப் பொப் பாடத் தொடங்கிய காலத்தில், அவரைவிட இருபது வயது இளையவரான கிளாரன்ஸ் விஜேவர்தனவின் இசையிலும் பாடினார். பாட்டி காலத்துப் பாடகி என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஒரு தலைமுறை, அந்தப் பாட்டுகளால் அவரை மறுபடியும் கண்டுகொண்டது.

அந்தக் காலத்துப் பாட்டுகள் இன்று யூடியூப்பில் கிடைக்கின்றன. கேட்டுப் பாருங்கள். 1940களின் குரலில் மேடைக்காரரின் அழுத்தம் இருக்கும். ஒலிவாங்கி இல்லாத மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும் என்று பாடியவரின் குரல் அது. 1970களின் பாட்டுகளில் அதே குரல் இறங்கி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் வருகிறது. ஒலிவாங்கியை நம்பிப் பாட அவர் கற்றுக்கொண்டிருக்கிறார். ஐம்பது வயதில் தொழிலை மறுபடி கற்றவர் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கார்னிவல் மேடை

ஆனால் பாட்டு பிரபலமாவது வேறு, அடுப்பு எரிவது வேறு. படத்துக்கும் இசைத்தட்டுக்கும் ஒருமுறை கிடைக்கும் பணத்தோடு கலைஞரின் கணக்கு முடிந்துவிடும் காலம் அது. பாட்டு நாற்பது ஆண்டு ஒலித்தாலும் பாடியவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. பாடுவோர், நடிப்போர் ஆகிய நிகழ்த்துநர்களின் உரிமையைத் தெளிவாகச் சேர்த்த இலங்கையின் புலமைச் சொத்துச் சட்டம் 2003இல்தான் வந்தது. ருக்மணி தேவி இறந்து அப்போது 25 ஆண்டுகள். ஓய்வூதியமும் கிடையாது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்தபோது அதன் கவனம் இறக்குமதியிலும் விநியோகத்திலும் இருந்தது. முதல் தலைமுறை நடிகர்களின் முதுமை அதன் வேலைப் பட்டியலில் முன்னால் இருக்கவில்லை.

மிஞ்சியது மேடை. ஊர் ஊராக நடக்கும் இசை நிகழ்ச்சிகளும் கார்னிவல்களும். இலங்கைக் கார்னிவலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் ராட்டினம், ஒரு பக்கம் மரணக் கிணற்றில் சுற்றும் மோட்டார் சைக்கிள், நடுவில் பைலா மேடை. அந்த இரைச்சலுக்குள் நின்று நாட்டின் முதல் திரை நாயகி பழைய பாட்டுகளைப் பாடினார். சிலர் இதை வீழ்ச்சி என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. பாடி உழைத்துச் சாப்பிட்டதில் வெட்கப்பட அவருக்கு ஒன்றும் இல்லை. ஐம்பத்தைந்து வயதிலும் இரவு முழுக்கப் பயணம் செய்தால்தான் வீடு ஓடும் என்ற நிலையில் அவரை வைத்த தொழிலுக்குத்தான் வெட்கம்.

1978 ஒக்டோபர் மாதக் கடைசியில் மாத்தறையில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சியில் பாடிவிட்டு, இரவோடு இரவாக நீர்கொழும்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மாத்தறை தீவின் தென்கோடி. அன்று தெற்கில் நெடுஞ்சாலை கிடையாது. கரையோர வீதியில் கொழும்பைக் கடந்து வடக்கே வரவேண்டும். 28ஆம் திகதி அதிகாலை ஜா-எல பகுதியில் துடெல்ல என்ற இடத்தில் வாகனம் விபத்துக்குள்ளானது. ருக்மணி தேவி உயிரிழந்தார். வீட்டுக்கு இன்னும் அரை மணி நேரப் பயணம்கூட இருக்கவில்லை.

இறுதிச் சடங்குக்கு நீர்கொழும்பு கொள்ளாத கூட்டம் வந்தது. கார்னிவல் டிக்கெட் வாங்கியவர்களும் வாங்காதவர்களும் வந்து அழுதார்கள். பின்னர் சிலையும் வந்தது. எடி ஜயமான்ன 1981இல் காலமானார்.

நீர்கொழும்பும் திருகோணமலையும்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இருந்துகொண்டு நான் ஏன் இவரைப் பற்றி எழுத வேண்டும்? காரணம் கடல்.

மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும், கிழக்குக் கடல் அடங்கும். அதனால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் காலங்காலமாகப் பருவத்துக்குப் பருவம் கிழக்குக்கு வருகிறார்கள். குச்சவெளி, புல்மோட்டை, கொக்கிளாய் என்று கரையில் வாடி அமைத்துத் தங்குவார்கள். இந்த வருகை எப்போதும் சுமுகமானதல்ல. உள்ளூர்த் தமிழ், முஸ்லிம் மீனவர்களுக்கும் அவர்களுக்கும் கரைவலைப்பாடு தொடர்பாகவும் தடைசெய்யப்பட்ட வலை தொடர்பாகவும் தகராறுகள் உண்டு. அவற்றைச் செய்தியாக நானே எழுதியிருக்கிறேன்.

அப்படியொரு செய்திக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நின்றபோது, படகொன்றில் ருக்மணி தேவியின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வலை பொத்திக்கொண்டிருந்த முதியவரிடம் சிங்களத்தில் விசாரித்தேன். அவர் தமிழில் பதில் சொன்னார். நமக்குப் பழக்கமில்லாத ஒரு தமிழ். வினைச்சொற்களின் வால் குறைந்து, சிங்களத்தின் நடையில் போகும் நீர்கொழும்பு மீனவர் தமிழ். மொழியியலாளர்கள் ஆய்வு செய்த வழக்கு அது. பாடுவது தங்கள் ஊர் ருக்மணி நோனா என்றும், பிறப்பால் தமிழர் என்றும், கத்தோலிக்க வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர் என்றும் சொன்னார். அதில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. அவருடைய பாட்டனார் தமிழில் செபம் சொன்னவர். அவருடைய பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. மேற்குக் கரையில் பல குடும்பங்களின் கதை இது. தேவாலயமும் பள்ளிக்கூடமும் சிங்களத்துக்கு மாற, ஒன்றிரண்டு தலைமுறையில் வீட்டு மொழியும் மாறியது.

அந்த முதியவருக்கு எளிதாக விளங்கிய ஒன்று நம் சினிமா வரலாற்றுக்கு ஏன் விளங்கவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன்.

யார் விட்டுவிட்டார்கள்?

சிங்களத் தரப்பு அவரை எடுத்துக்கொண்டது, ராசம்மாவை விட்டுவிட்டது. தமிழ்த் தரப்பு இரண்டையும் விட்டுவிட்டது. நமக்குச் சொல்லக் காரணமும் உண்டு. அவர் தமிழ்த் திரைக்கு வரவில்லையே என்போம். வருவதற்கு எங்கே திரை இருந்தது? அவர் நாயகியாக இருந்த 1947 முதல் 1950களின் நடுப்பகுதி வரை இலங்கையில் தமிழ்ப்படம் எதுவும் தயாராகவில்லை. 'சமுதாயம்', 'தோட்டக்காரி' போன்ற முதல் முயற்சிகள் 1960களின் தொடக்கத்தில் வந்தவை. நம் திரையரங்குகளில் தியாகராஜ பாகவதரும் பிறகு எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ஓடினார்கள். உள்ளூர்க் கலைஞருக்குக் கிடைத்த திரை சிங்களத் திரை ஒன்றுதான். பாடத் தெரிந்தவர் பாட இடமிருந்த பக்கம் போனார்.

அவர் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குள் 1983 ஜூலை வந்தது. ஹெந்தளையில் குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. சிங்களப் படங்களின் நெகட்டிவ்கள் அதோடு போயின. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். தமிழர் சொத்து என்று எண்ணிக் கொளுத்தியவர்கள் தங்கள் மொழியின் படச்சுருள்களையும் சேர்த்தே கொளுத்தினார்கள். மொழிகளுக்கு நடுவே நின்று தொழில் செய்த அந்தக் கூட்டம் அதற்குப் பிறகு முன்போல் இருக்கவில்லை. வரலாறு இரண்டு அத்தியாயங்களாகப் பிரிந்தது பாடப்புத்தகத்தில் மட்டும் நடந்த காரியம் அல்ல.

ஒற்றுமைக்குச் சின்னமாக ருக்மணி தேவியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சின்னமாக்கினால் மனிதர் மறைந்துவிடுவார். அவர் இனங்களுக்குப் பாலம் போடப் புறப்பட்டவரும் அல்லர். பாட்டு அவருடைய தொழில். அதைச் சாகும் நாள்வரை செய்தார். பதிவைச் சரியாக வைத்துக்கொள்வது மட்டும்தான் நம் கடமை. இலங்கையின் முதல் திரை நாயகி ஒரு தமிழ்ப் பெண் என்பதும், நாடு முழுக்கப் பாட்டாலே அறிந்த அவர் ஐம்பத்தைந்து வயதில் இரவு வேலை முடிந்து வரும் வழியில் இறந்தார் என்பதும் தமிழ்ப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள்.

ஒக்டோபர் 28 வரும்போது நீர்கொழும்பில் அவரை நினைவுகூர்வார்கள். அன்றைக்கு வானொலியின் தமிழ் ஒலிபரப்பிலும் அவருடைய பாட்டு ஒன்று போகலாம். அறிவிப்பாளர் பெயரைச் சொல்லும்போது டெய்சி ராசம்மா என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.